பில்லர் டிரில்: எது சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும்

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் லேத்தைக் கண்டால் ஓரடி தள்ளி நிற்பார்கள். வெல்டிங் பொறி பறந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மூலையில் நெட்டையாக நிற்கும் பில்லர் டிரில்லிங் மெஷினிடம் மட்டும் யாருக்கும் பயம் வருவதில்லை. சுவிட்சைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் ஓட்டை விழுந்துவிடும், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஐ.டி.ஐ. முடித்து வேலைக்கு வந்த முதல் வருடத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்றைக்குப் போட வேண்டியிருந்தது ஒரே ஓர் ஓட்டை. 5 மி.மீ. கனம், 30 செ.மீ. நீளமுள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண மென் எஃகு) பட்டை. ஒரு நுனியிலிருந்து 5 செ.மீ. தள்ளி 10 மி.மீ. ஓட்டை. இதற்காக வைஸை, அதாவது இறுக்கிப் பிடிக்கும் கிடுக்கியை, எடுத்துக் கட்ட வேண்டுமா என்று இடது கையால் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை இறக்கினேன். முக்கால்வாசித் தூரம் பிட் (துளையிடும் அலகு) சாதுவாக இறங்கியது. அடிப்பக்கம் திறக்கும் அந்தக் கடைசிக் கணத்தில் பட்டை கையைப் பிய்த்துக்கொண்டு சுழன்றது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆறு தையல். பெல்ட் தளர்வாக இருந்து வழுக்கியதால்தான் விரல் தப்பியது.

அந்தக் கணத்தில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அது புரிந்துவிட்டால், சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு விதிகளை உருப்போட வேண்டியதில்லை. ஒவ்வொரு விதியும் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மெஷினின் உடம்பு

பெஞ்ச் மேல் வைக்கும் சின்ன டிரில், தரையில் நிற்கும் பில்லர் டிரில், கை நீட்டித் திரும்பும் ரேடியல் டிரில் என்று மூன்று வகைகளைப் பட்டறைகளில் பார்க்கலாம். பில்லர் டிரில் இதில் நடுத்தரம். ஆள் உயரத்துக்கு ஓர் உருண்டைத் தூண். அடியில் வார்ப்பிரும்பு பேஸ். உச்சியில் மோட்டாரும் பெல்ட்டும் புல்லிகளும் அடங்கிய தலை. நடுவில் தூணைக் கட்டிப்பிடித்தபடி ஏறி இறங்கும் டேபிள். தலைக்குள் செங்குத்தாகச் சுழல்வது ஸ்பிண்டில். பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் பல்சக்கரம் வழியாக ஸ்பிண்டில் கீழே இறங்கும். பெயர்ப் பலகையில் 25 மி.மீ. என்று போட்டிருந்தால், எஃகில் அந்த அளவு பிட் வரைக்கும் மெஷின் தாங்கும் என்று பொருள்.

கனத்தின் பெரும்பங்கு மேலே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பேஸை நாலு ஃபவுண்டேஷன் போல்ட் போட்டுத் தரையோடு இறுக்காவிட்டால், நீளமான ஜாப் (ஓட்டை போட வேண்டிய துண்டு) ஒன்று டேபிளில் ஏறும்போது மெஷினே சாயக்கூடும். இடம் மாற்றிய மெஷினை 'இன்றைக்கு மட்டும்' என்று போல்ட் போடாமல் ஓட்டுவது பல இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டேபிளுக்கும் ஒரு லாக் உண்டு. உயரத்தை மாற்ற அதைத் தளர்த்தும்போது ஒரு கை டேபிளின் அடியில் தாங்கலாக இருக்கட்டும். ஏற்றி இறக்கும் ரேக் (பல் வெட்டிய பட்டை) தேய்ந்துபோன பழைய மெஷினில் டேபிள் சட்டென்று இறங்கும். கீழே உங்கள் கால் இருக்கும். சரியான உயரத்தில் வைத்ததும் மறுபடி லாக்கை இறுக்குங்கள்.

பட்டை ஏன் சுழன்றது

பிட்டின் நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டின் நுனி 118 டிகிரிக் கூம்பு. அதில் இரண்டு வெட்டும் விளிம்புகள் இருக்கும். இவைதான் உலோகத்தைச் சுருளாகச் சீவி எடுப்பவை. இரண்டுக்கும் நடுவே, மையத்தில், உளி முனை போல ஒரு சிறு குறுக்குக் கோடு தெரியும். அது எதையும் வெட்டாது. உலோகத்தை நசுக்கி ஓரத்துக்குத் தள்ளும். கைப்பிடியில் நாம் கொடுக்கும் அழுத்தத்தில் பெரும்பகுதியைத் தின்பது அந்தச் சின்னக் கோடுதான்.

இப்போது பட்டையின் அடிப்பக்கம் திறக்கும் கணத்துக்கு வாருங்கள். முதலில் வெளியே வருவது மையம். உளிக் கோடு காற்றுக்கு வந்ததும் அழுத்தத்தை எதிர்க்க ஏதுமில்லை. நம் கையோ முன்போலவே அழுத்திக்கொண்டிருக்கிறது. பிட் சட்டென்று இறங்குகிறது. மிச்சமிருக்கும் மெல்லிய வளையத்தை வெட்டும் விளிம்புகள் சீவுவதற்குப் பதிலாகக் கவ்வுகின்றன. பிட்டின் சுருள் பள்ளம் திருகாணி போல வேலை செய்து ஜாபை மேலே இழுக்கிறது. இனி பிட்டும் பட்டையும் ஒன்று. ஸ்பிண்டில் சுற்றினால் பட்டையும் சுற்றும்.

அந்தச் சுழற்சியைக் கையால் தடுக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 எச்.பி. மோட்டார், நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் ஸ்பிண்டிலில் கிடைக்கும் திருகுவிசை ஏறக்குறைய 9 நியூட்டன் மீட்டர். மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பிடித்திருக்கும் விரல்களின்மேல் அது 18 கிலோ இழுப்பாக வரும். வேகத்தை 200 சுற்றுக்குக் குறைத்தால் திருகுவிசை நாலு மடங்காகி, அதே இடத்தில் 70 கிலோவைத் தாண்டிவிடும். மெதுவாகத்தானே ஓடுகிறது, கையில் பிடிக்கலாம் என்பது எவ்வளவு ஆபத்தான நினைப்பு என்று இதில் தெரியும். பெரிய பிட், குறைந்த வேகம்: முறுக்கு மிக அதிகமாக இருப்பது அங்கேதான்.

வேகத்தையும் பாருங்கள். 800 சுற்று என்றால் நொடிக்கு 13 சுற்றுக்குமேல். என் பட்டையின் தூரத்து நுனி மையத்திலிருந்து 25 செ.மீ. பெல்ட் வழுக்காமல் முழு வேகத்தில் சுழன்றிருந்தால் அந்த நுனி மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கும். ஓரம் தீட்டாத இரும்புப் பட்டை அந்த வேகத்தில் வந்தால் அது கத்தி.

எனவே முதல் வேலை ஜாபைக் கட்டுவது. சின்ன ஜாப் என்றால் மெஷின் வைஸில் பிடியுங்கள். வைஸும் டேபிளோடு போல்ட்டில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜாபும் வைஸும் சேர்ந்து சுழலும், முன்பைவிடக் கனமாக. வைஸில் அடங்காத பிளேட் என்றால் டேபிளின் பள்ளத்தில் மாட்டும் டீ போல்ட், ஜாபை அழுத்தும் கிளாம்ப், கிளாம்ப்பின் மறுமுனையைத் தாங்கும் ஸ்டெப் பிளாக் வைத்துக் கட்டுங்கள். போல்ட் ஜாபுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பிளாக்குக்குப் பக்கத்தில் இருந்தால் இறுக்கம் முழுவதும் பிளாக்கின் மேல் போய்விடும். உருண்டைத் தண்டு என்றால் வி வடிவப் பள்ளமுள்ள வி-பிளாக். அடியில் ஒரு மரத்துண்டு வைத்தால் டேபிளில் ஓட்டை விழாது, திறக்கும் இடத்தில் பிசிறும் குறையும், கடைசிக் கணத்துக் கவ்வலும் கொஞ்சம் தணியும்.

நீளமான பட்டைக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. மேலிருந்து பார்த்தால் ஸ்பிண்டில் கடிகார முள் திசையில் சுற்றும். பட்டையின் நீள்பகுதி உங்கள் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், கவ்வியதும் அது நேராக உங்கள் வயிற்றுக்கு வரும். இடது பக்கம் இருந்தால் பின்னால் போகும். பின்னால் தூண் இருக்கிறது. பட்டையை இடது பக்கம் நீளும்படி, தூணின் இடப்புறத்தில் சாய்ந்து நிற்கும்படி வைத்தால், முறுக்கை வாங்கிக்கொள்வது தூண். கிளாம்ப் போட்ட பிறகும் இப்படி வையுங்கள். கிளாம்ப் நழுவினாலும் தூண் நழுவாது.

அடி திறக்கப்போகிறது என்பது கையிலேயே தெரியும். சத்தம் மாறும், அழுத்தம் லேசாகும். அந்த இடத்தில் கைப்பிடியைத் தள்ளாமல், பிட் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது போல இறக்குங்கள். இந்த ஒரு பழக்கம் கைக்கு வந்துவிட்டால் பாதித் தொழில் வந்துவிட்டது.

மெல்லிய தகடும் பித்தளையும் கூடுதலாகக் கவ்வும். தகட்டில் பிட்டின் மையம் வெளியே போன பிறகுதான் விளிம்புகள் முழுதாக உள்ளே வருகின்றன. அதனால் பிட்டுக்குப் பிடிமானமே கிடையாது. மேலும் கீழும் மரப்பலகை வைத்துக் கட்டிப் போடுங்கள், அல்லது படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் எடுங்கள். பித்தளைக்கு, வெட்டும் விளிம்பின் முகத்தை எண்ணெய்க் கல்லில் லேசாக உரசித் தட்டையாக்கிய தனி பிட் ஒன்று வைத்திருப்பது பழைய கைகளின் வழக்கம். ஏற்கெனவே இருக்கும் 10 மி.மீ. ஓட்டையை 12 ஆக்கும் வேலையிலும் கவனம் தேவை. அங்கே விளிம்பின் ஓரம் மட்டும் வெட்டுவதால் பிட் திருகாணி போல உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கிளவுஸ் போடக் கூடாது

புதியவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். பாதுகாப்பு என்றாலே கிளவுஸ் என்று பழகியிருப்பார்கள். சுற்றுகிற மெஷினில் அது தலைகீழ். சுருளின் ஒரு நுனி கிளவுஸ் நூலில் கொக்கி போட்டால், நூல் பிட்டில் சுற்றும், கிளவுஸ் பின்னால் போகும், விரல் கிளவுஸுக்குள் இருக்கும். வெறுங்கையாக இருந்தால் தோல் கிழியும். கிளவுஸ் இருந்தால் விரலே போகும்.

சட்டென்று கையை இழுத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். ஏதோ நடக்கிறது என்று உணர்ந்து கையை அசைக்க மனிதனுக்குக் கால் நொடியாவது ஆகும். 800 சுற்றில் கால் நொடிக்குள் ஸ்பிண்டில் மூன்று முறைக்குமேல் சுற்றிவிடும். மூன்று சுற்றுச் சுற்றிய துணியை எந்தக் கையாலும் இழுத்து எடுக்க முடியாது.

கிளவுஸுக்குச் சொன்னது தொங்குகிற எல்லாவற்றுக்கும் பொருந்தும். கழுத்தில் போட்ட துண்டு, மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு, மோதிரம், வாட்ச், ஐ.டி. கார்டு டேக், பொத்தான் போடாத முழுக்கை. சாமிக் கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். அந்த மனதுக்கு மதிப்புக் கொடுத்தே சொல்கிறேன், மேல்கையில் இறுக்கிக் கட்டிச் சட்டைக் கைக்குள் மறைத்துவிடுங்கள். பெண்கள் துப்பட்டாவையோ முந்தானையையோ கோட்டுக்குள் அடக்கி, பின்னலைக் கொண்டையாக்கித் தொப்பிக்குள் விட்டுவிடுவது நல்லது. குனிந்து பார்க்கும்போது தலைமுடி ஸ்பிண்டிலுக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்பது நமக்குத் தெரியாது. இது ஒன்றும் புதுக் கவலையும் இல்லை. ஓடும் மெஷினை நெருங்கி வேலை செய்கிறவர்கள் இறுக்கமான உடை அணிய வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 22-ஆம் பிரிவிலேயே எழுதியது. பறக்கும் துகளிலிருந்து கண்ணைக் காப்பதை அதன் 35-ஆம் பிரிவு சொன்னது.

கண்ணாடி போடுங்கள். பவர் கண்ணாடி போதாது, பக்கவாட்டு மறைப்பு உள்ள சேஃப்டி கண்ணாடி வேண்டும். மீறித் துகள் விழுந்தால் தேய்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கிறவரை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். கண் மருத்துவரிடம் போங்கள். கைக்குட்டை நுனியால் இரும்புத் துகளை எடுக்கும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

சக், கீ, டிரிஃப்ட்

13 மி.மீ. வரைக்குமான பிட்கள் பெரும்பாலும் நேர்த்தண்டு உள்ளவை. அவற்றைச் சக்கில், அதாவது மூன்று தாடைகளுள்ள பிடியில், பிடிக்கிறோம். தண்டை முழுவதும் உள்ளே விட்டு, சுருள் பள்ளம் தாடைக்குள் போகாமல் பார்த்து, சக்கின் மூன்று துளைகளிலும் கீயை (இறுக்கும் சாவியை) போட்டு ஒவ்வொரு முறை இறுக்குங்கள். ஒரே துளையில் மட்டும் இறுக்கினால் பிட் பாதி வேலையில் நழுவித் தண்டு கீறிப்போகும். சின்ன பிட் சில நேரம் இரண்டு தாடைகளுக்கு நடுவே ஓரமாக மாட்டிக்கொள்ளும். ஜாபின் மேல் இறக்கும் முன் ஒரு நொடி ஓடவிட்டு, நுனி ஆடுகிறதா என்று பாருங்கள்.

சக் கீயைப் பற்றி ஒரே விதி: சக்கில் இருக்கும்வரை அது உங்கள் கையிலும் இருக்க வேண்டும். கையை எடுக்கும்போது கீயும் கூடவே வர வேண்டும். ஒரு நிமிடம் யாரோ கூப்பிட்டார்கள் என்று கீயைச் சக்கிலேயே விட்டுத் திரும்பி, பிறகு சுவிட்சைப் போட்டால் அது முகத்துக்கு வரும். ஸ்பிரிங் வைத்துத் தானே வெளியே தள்ளிக்கொள்ளும் கீ கிடைக்கிறது. புதிய ஆட்கள் பழகும் மெஷினுக்கு அதை வாங்கி வையுங்கள்.

பெரிய பிட்களின் தண்டு கூம்பாக இருக்கும். மோர்ஸ் டேப்பர் என்கிறோம். 1863-இல் அமெரிக்காவில் ட்விஸ்ட் டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கிய ஸ்டீபன் மோர்ஸின் பெயர் அது. ஏறக்குறைய இருபதுக்கு ஒன்று என்ற சரிவுள்ள அந்தக் கூம்பு, ஸ்பிண்டிலுக்குள் ஏறியதும் உராய்வினாலேயே பிடித்துக்கொள்ளும். போல்ட்டும் இல்லை, ஸ்குரூவும் இல்லை. அதனால்தான் டேப்பரில் ஒரு துளி எண்ணெயோ ஒரு இரும்புத் துகளோ இருக்கக் கூடாது. துடைத்துவிட்டு ஒரே வேகத்தில் மேலே குத்தி ஏற்றுங்கள். கழற்றும்போது ஸ்பிண்டிலின் பக்கத் துளையில் டிரிஃப்ட் என்ற ஆப்பை விட்டுத் தட்ட வேண்டும். டேபிளை மேலே கொண்டுவந்து ஒரு பலகையைப் போட்டுவிட்டுத் தட்டுங்கள். இல்லையென்றால் விழும் பிட்டின் நுனி உடையும்.

வேகம் எப்படிக் கண்டுபிடிப்பது

பிட் எரிந்துபோவதற்கு முதல் காரணம் தவறான வேகம். விதி எளிது. எம்.எஸ். இரும்பை வெட்டும்போது எச்.எஸ்.எஸ். பிட்டின் வெளி ஓரம் நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் ஓடலாம். 10 மி.மீ. பிட்டின் சுற்றளவு 31.4 மி.மீ. 25 மீட்டரை அதால் வகுத்தால் ஏறக்குறைய 800. அதாவது 8000-ஐப் பிட்டின் விட்டத்தால் வகுத்தால் சுற்று வந்துவிடும். 5 மி.மீ. பிட்டுக்கு 1600, 10-க்கு 800, 20-க்கு 400. பிட் பெரிதாகப் பெரிதாக வேகம் குறையும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பெரிய ஓட்டைக்கு வேகத்தைக் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 4000-ஐ வகுங்கள். வார்ப்பிரும்புக்கு 6000, அலுமினியத்துக்கு 24000 வைத்துக்கொள்ளலாம். மெஷினில் சரியாக அந்த எண் கிடைக்காது. கீழே இருக்கும் அடுத்த வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகம் மாற்றுவது, படிப்படியாக அளவு மாறும் புல்லிகளில் பெல்ட்டை நகர்த்தி. மோட்டார் 1440 சுற்றில் ஓடும். மோட்டார் பக்கம் சின்னப் படி, ஸ்பிண்டில் பக்கம் பெரிய படி என்றால் வேகம் குறையும். மாற்றிப் போட்டால் கூடும். பெல்ட்டைத் தொடும் முன் ஸ்டாப் பட்டனை அமுக்கியது போதாது, மெயினை அணைக்க வேண்டும். புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவே விரல் இருக்கும்போது இன்னொருவர் பட்டனைத் தட்டுவதற்கு ஒரு கணம் போதும். மாற்றியதும் மேல்மூடியை மூடுங்கள்.

த்ரீ பேஸ் மெஷின் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒயரிங் வேலை நடந்த பிறகோ மெஷினை இடம் மாற்றிய பிறகோ இரண்டு பேஸ் மாறியிருந்தால் ஸ்பிண்டில் எதிர்த்திசையில் சுற்றும். பார்க்க வித்தியாசமே தெரியாது. பிட் வெட்டாமல் தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோகும். பிட் மழுங்கிவிட்டது என்று எண்ணி நாம் இன்னும் அழுத்துவோம். முதல் நாள் காலையில் திசையைப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஓட்டை போடுதல்

குறிக்கோடு இழுத்து, கோடுகள் வெட்டும் இடத்தில் சென்டர் பன்ச்சால் ஒரு குழி அடியுங்கள். பன்ச் குழி இல்லாத இடத்தில் பிட்டின் உளிக் கோடு நழுவி நடக்கும். நடந்து முடித்த இடத்தில்தான் ஓட்டை விழும். மெஷினை அணைத்த நிலையில் பிட்டை இறக்கி, நுனி குழியில் உட்காருகிறதா என்று பார்த்த பிறகு கிளாம்ப்பை இறுக்குங்கள்.

12 மி.மீ.-க்குமேல் போட வேண்டும் என்றால் முதலில் பைலட் ஓட்டை. இதன் காரணமும் அந்த உளிக் கோடுதான். 20 மி.மீ. பிட்டில் அது சில மி.மீ. அகலம் இருக்கும். அதைவிடச் சற்றே பெரிய ஓட்டை, 5 அல்லது 6 மி.மீ., முன்பே இருந்தால் பெரிய பிட் நசுக்க வேண்டிய இடமே இல்லை; கைப்பிடி லேசாக இறங்கும். பைலட்டை ரொம்பப் பெரிதாகப் போட்டால் மேலே சொன்ன கவ்வல் வந்துவிடும்.

விட்டத்தைப்போல மூன்று மடங்கு ஆழம் தாண்டினால் ஒரே மூச்சில் இறக்காதீர்கள். கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, சுருளை உதறி, மறுபடி இறக்குங்கள். பள்ளத்தில் அடைத்துக்கொண்ட சுருள் வெளியேற வழியில்லாமல் பிட்டை இறுக்கி முறித்துவிடும். எம்.எஸ்.-க்குப் பால் போன்ற கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) தொடர்ந்து விழட்டும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் வழக்கம். நெருப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். வார்ப்பிரும்பும் பித்தளையும் உலர்வாகவே போகும். ஸ்டெயின்லெஸ்ஸில் மட்டும் தயக்கம் கூடாது. அழுத்தாமல் பிட்டைச் சும்மா சுற்றவிட்டால், தேய்ந்த இடம் இறுகிக் கெட்டியாகி, பிறகு எந்த பிட்டுக்கும் அசைந்துகொடுக்காது. குறைந்த வேகம், திடமான அழுத்தம், நிறையக் கூலன்ட்.

சரியாகப் போகிறதா என்பதைச் சுருள் சொல்லும். இரண்டு பள்ளத்திலிருந்தும் ஒரே கனத்தில் சுருள் வந்தால் பிட் சரியாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஒரு விளிம்பு நீளம் அல்லது கோணம் மாறியிருக்கிறது. ஓட்டை பிட்டைவிடப் பெரிதாக விழும். 10 மி.மீ. பிட்டில் 10.3 வருவது இப்படித்தான். சுருள் நீலமாக வந்தால் வேகம் அதிகம் அல்லது கூலன்ட் போதவில்லை. கீச்சென்ற சத்தம் வந்தால் பிட் மழுங்கிவிட்டது. எச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி வரைக்கும் தன் கடினத்தை விடாது, ஆனால் மழுங்கிய விளிம்பு ஓரத்தில் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது.

சுருளைக் கையால் தொடாதீர்கள். பிளேடு போல இருக்கும், சூடாகவும் இருக்கும். மெஷின் ஓடும்போது பனியன் வேஸ்ட்டால் துடைக்கவே கூடாது. கிளவுஸுக்குச் சொன்னது அப்படியே இதற்கும். மெஷினை நிறுத்தி, பிரஷ்ஷாலோ கம்பிக் கொக்கியாலோ எடுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் துகள் பக்கத்து மெஷின்காரர் கண்ணுக்குப் போகும். சுருள் நீளநீளமாகச் சுற்றத் தொடங்கினால் அரை நொடி அழுத்தத்தை விட்டு மறுபடி கொடுங்கள், துண்டாகிவிடும்.

சுவிட்சை அணைத்த பிறகும் ஸ்பிண்டில் கொஞ்ச நேரம் சுற்றும். சக்கைக் கையால் பிடித்து நிறுத்தும் பழக்கம் அனுபவசாலிகளிடம்கூட உண்டு, பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். ஜாப் கவ்விச் சுழல ஆரம்பித்துவிட்டால் அதைப் பிடிக்கப் போகாமல் பின்னால் விலகுங்கள், ஸ்டாப்பை அமுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டும் கை போகும்படி அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பழகுங்கள். யாருடைய துணியாவது முடியாவது மாட்டிக்கொண்டால் மெயினை அணையுங்கள். எதிர்த்திசையில் மோட்டாரை ஓட்டி எடுக்கப் பார்க்காதீர்கள். பெல்ட்டைத் தளர்த்தி ஸ்பிண்டிலைக் கையால் பின்னோக்கித் திருப்பி விடுவிக்கலாம், முடியாவிட்டால் வெட்டி எடுக்கலாம். இரவில் தனியாக இந்த மெஷினை ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதற்காகத்தான்: மெயினை அணைக்க இன்னொரு கை வேண்டும்.

பழக ஒரு வேலை

10 மி.மீ. கனத்தில் ஒரு எம்.எஸ். துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்போ மார்க்கிங் நீலமோ பூசி, 20 மி.மீ. இடைவெளியில் ஐந்து புள்ளிகள் குறித்துப் பன்ச் அடியுங்கள். வைஸில் அடியில் பேரலல் (சம உயரமுள்ள இரும்புக் கட்டைகள்) வைத்துக் கட்டி, வைஸை டேபிளில் இறுக்கி, ஐந்திலும் 6.8 மி.மீ. ஓட்டை போடுங்கள். 8000-ஐ 6.8-ஆல் வகுத்தால் 1176. மெஷினில் அதற்குக் கீழே இருக்கும் வேகம். ஒவ்வொரு ஓட்டையிலும் அடி திறக்கும் கணத்தில் கண்ணை எடுத்துவிட்டுக் காதையும் உள்ளங்கையையும் மட்டும் கவனியுங்கள். மூன்றாவது ஓட்டையில் அது பிடிபடும். ஐந்தாவதில் கை தானாகவே அழுத்தத்தைத் தளர்த்தும்.

மெஷினை நிறுத்தி, பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து ஓட்டைகளின் வாயில் பிசிறை எடுத்துவிட்டு, வெர்னியரால் நடு இடைவெளிகளை அளந்து பாருங்கள். 20-லிருந்து கால் மி.மீ.-க்குள் நின்றிருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 6.8 என்பது எம்8 டேப்புக்கான, அதாவது 8 மி.மீ. மரை வெட்டும் கருவிக்கான ஓட்டை. 8-லிருந்து பிட்ச் (மரைகளின் இடைவெளி) 1.25-ஐக் கழித்தால் 6.75 வருகிறது, கடையில் கிடைப்பது 6.8. அடுத்த வாரம் அதிலேயே டேப் போடப் பழகலாம்.